குலுக்கினால்தான் ஸ்போர்ட்ஸ் காரா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றால், "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்" என்று சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. சுத்தப் பொய்!

1989-ல் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா காட்டிய எம்எக்ஸ்-5, அதாவது அமெரிக்கர்களின் மியாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒரு டன் எடை. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன். 14 அங்குலச் சக்கரம், டயரில் காற்று வெறும் 26 பிஎஸ்ஐ. முதுகை உடைக்கவா இப்படிச் செய்தார்கள்? இன்று குலுங்கினால், செத்தது ஷாக்கும் ரப்பரும்தான்.

வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்? முரட்டு காயிலோவர், 17 அங்குலச் சக்கரம், தரையைத் தடவும் உயரம். உயரம் குறைந்தால் சஸ்பென்ஷன் இறங்க இடம் ஏது? மேடு பள்ளம் வந்தாலே பம்ப் ஸ்டாப்பில் முட்டும். அப்புறம் புலம்பல்.

பழைய அளவுச் சக்கரம், கம்பெனி தரத்து ஷாக், புது பம்ப் ஸ்டாப், புது ரப்பர் புஷ் போதும். பாலியூரித்தேன் வேண்டாம். டயர் காய்ந்து இறுகிவிட்டால், பட்டன் மிச்சமிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

புது புஷ் போட்டும் குலுங்குகிறதா? போல்ட்டை இறுக்கியபோது கார் ஜாக்கியில் தொங்கியதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இந்த ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால், கார் இறங்கியதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். விறைக்கும், சீக்கிரம் கிழியும். கார் தன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் சீட்டுக்குக் குஷன் தேடுகிறார்கள்!