எண்ணெய் விலையும் எழுத்தாளர் உயிரும்



1945 பிப்ரவரி 14. சூயஸ் கால்வாய் வழியிலுள்ள பெரும் கசப்பு ஏரியில் நின்ற ‘குயின்சி’ போர்க்கப்பலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சவுதி மன்னர் அப்துல் அஜீஸும் சந்தித்தார்கள். எங்களுக்கு எண்ணெய், உங்களுக்குப் பாதுகாப்பு என்ற உறவு அதிலிருந்து வலுப்பெற்றது. பாலஸ்தீன விஷயத்தில் அரபு மக்களுக்கு விரோதமாக நடக்கமாட்டேன் என்று ஏப்ரல் 5 அன்று மன்னருக்குக் கடிதம் எழுதினார் ரூஸ்வெல்ட். அடுத்த வாரமே அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ட்ரூமன் 1948இல் இஸ்ரேலை அங்கீகரித்தார். மன்னர் கொதித்தார், எண்ணெய் வணிகம் மட்டும் நிற்கவில்லை.

பிறகும் இதே கதைதான். 1973இல் இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் அனுப்பியதும் சவுதி எண்ணெய் தர மறுத்தது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அடுத்த ஆண்டே இரு நாடுகளும் பொருளாதார ஒத்துழைப்புக்குக் கையெழுத்திட்டன. 1990இல் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்ததும் அமெரிக்கப் படைகள் சவுதி மண்ணில் இறங்கின.

2018 அக்டோபர் 2 அன்று பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லின் சவுதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானின் ஒப்புதலோடு இக்கொலை நடந்தது என அமெரிக்க உளவுத்துறை அறிக்கை மதிப்பிட்டது; இளவரசர் மறுத்தார். சவுதியை ஒதுக்கிவைப்பேன் என்று அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் முழங்கிய பைடன், பெட்ரோல் விலை ஏறிய 2022 ஜூலையில் ஜெட்டாவுக்கே போய் நின்றார். சவுதியோ அக்டோபரில் எண்ணெய் உற்பத்தி நாடுகளின் கூட்டணியான ஒபெக் பிளஸோடு சேர்ந்து நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் உற்பத்திக் குறைப்பை அறிவித்தது. 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் ஈரானோடு உறவைப் புதுப்பித்தது. 2025 மே மாதம் ரியாத்தில் டிரம்புக்குப் பெரும் வரவேற்பு.

அரசுகளுக்குத் தேவைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பாலஸ்தீனருக்குக் கொடுத்த வாக்கும் கஷோகிக்கான நீதியும் அந்தத் தேவைகளுக்காகவே கைவிடப்பட்டன. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் பத்திரிகை நடத்துவதில் பொருளில்லை.

ரியாத்திலும் தம்மாமிலும் நம் பிள்ளைகள் உழைக்கிறார்கள். அமெரிக்க-சவுதி உறவின் ஏற்ற இறக்கம் அவர்கள் வேலையையும் தொடும். அங்கிருக்கும் வாசகர்களே, அவர்களின் குடும்பத்தாரே, நீங்கள் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் கவனமாகப் படிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்