நான்கு கதவு ஹெரால்டு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கைப்பேசியினின்று சிறிது நேரமேனும் மீட்பதற்கு வழியுண்டா என்று சங்கத்து அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்டிருந்தனர். பொதுவான வழி எதுவும் நம்மிடம் இல்லை. எனினும், சென்ற கோடையில் கோவண்டியில் நமது குடியிருப்பில் நடந்த ஒரு கைவேலையைப் பற்றி எழுதினால் சிலருக்குப் பயன்படலாம் என்று தோன்றுகிறது.

கடைத்தெருவில் பிளாஸ்டிக் மோட்டார் பொம்மைகள் மலிந்து கிடக்கின்றன. நாம் கூறவந்தது அவற்றையன்று. இதில் பெட்டியைத் திறந்தால் வண்டி இராது. தோரணத்தில் மாவிலை தொங்குவது போல, ஒரு சட்டத்தில் சிறுசிறு உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, தேய்த்து, பசையிட்டு, வர்ணம் பூசி நாமே வண்டியாக்கிக்கொள்ள வேண்டும். நமக்குக் கிடைத்தது இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 'டிரையம்ப் ஹெரால்டு'. உண்மை வண்டியின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. முடிந்தபின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். நம் போன்ற குமாஸ்தாக் குடும்பங்கள் விலை கொடுத்து வாங்குவதென்றால் இருமுறை யோசிக்க வேண்டியதே.

பெட்டி புதியது, அச்சு பழையது. ஏர்பிக்ஸ் கம்பெனி 1939இல் தோன்றியது. இவ்வண்டிக்குரிய எஃகு அச்சை அவர்கள் வெட்டியது 1960களில். பின்னர் 1981இல் கம்பெனி நொடித்துப் போயிற்று. பல கைகள் மாறி 2006இல் ஹார்ன்பி கம்பெனியாரிடம் வந்து சேர்ந்தது. முதலாளிகள் மாறினரே யன்றி அச்சுகள் பல அழியவில்லை. அவற்றில் மீண்டும் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி, நூலை மறுபதிப்புச் செய்வது போல வெளியிடுகின்றனர். நூலை அடிப்பதும் அச்சு, வார்ப்பதும் அச்சு, வண்டிச் சக்கரம் சுழல்வதும் அச்சு என்று மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதனை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

மறுபதிப்பு என்பது பொம்மைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கோவண்டியிலிருந்து மூன்றாவது நிலையமான குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் 1964 முதல் செய்துவந்த பியட் வண்டி, இத்தாலியில் 1960களிலேயே நின்றுவிட்ட மாதிரி. இங்கோ அது 1974இல் பத்மினி என்று பெயர் பெற்று, ஏறத்தாழ 2000 வரை உற்பத்தியாயிற்று. கறுப்பும் மஞ்சளுமாக டாக்ஸியாய் ஓடிய அதன் கடைசி வண்டி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. கல்கத்தாவின் அம்பாஸடரும் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டே. அது 2014 வரை நீடித்தது.

ஹெரால்டு நம் சென்னைக்கு வந்த கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் அது 1959இல் வெளிவந்தது. அதற்கு உருவம் வரைந்தவர் மிச்சலோட்டி என்னும் இத்தாலியர். வழக்கமாக வண்டிக்கூடு செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியார் விலைக்கு வாங்கிவிட்டமையால், ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியாருக்கு முழுக்கூடாக ஒரே இடத்தில் செய்விக்க வழியில்லாது போயிற்று. ஆகவே அடிச்சட்டம் தனி, முன்பகுதி தனி, நடுப்பகுதி தனி, பின்பகுதி தனி என்று பலவிடங்களில் செய்து, கடைசியில் மறையாணியால் பூட்டினர். முன்மூடி முழுவதும், சக்கர மறைப்புகளோடு, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இடையூறு காரணமாகச் செய்த இவ்வேற்பாடு, கடல் கடந்து உறுப்புகளை அனுப்பி வேறு தேசத்தில் பூட்டுவதற்கு மிகவும் உகந்ததாக அமைந்துவிட்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் அதனைச் செய்தனர். சில ஆண்டுகளில் உறுப்புகள் அனைத்தும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. உண்மை வண்டியே ஒருவகையில் பெட்டி பிரித்துக் கட்டும் வண்டிதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நமது கட்டிடத்தில் மேல்மாடியில், மகனோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. தாம்பரத்துக்காரர். வண்டலூர்த் தொழிற்சாலையில் பணிபுரிந்து, 1980களின் இறுதியில் அங்கே உற்பத்தி நின்றபின் வெளியே வந்தவர். அவருடைய பேரன் பத்து வயதுப் பையன், பிறந்தது இங்கேதான். பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி, வீட்டில் அளவாகத் தமிழ். தாத்தா மதராஸில் 'ஏதோ வேலை' பார்த்தவர் என்ற மட்டில் அவனுக்குத் தெரியும். அவனும் நம் வீட்டுப் பிள்ளைகளும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பெரியவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதிலே ரெண்டு கதவு குறையுதே" என்றார்.

நாம் விழித்தோம். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே. பின்னிருக்கைக்குப் போகிறவர் முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். புடவை கட்டிய பெண்டிரும் வயோதிகரும் குடும்பமாக ஏறும் நம் நாட்டில் அது ஒத்துவராது. ஆகவே 1960களின் பிற்பகுதியில் சென்னையில் நான்கு கதவு வண்டி ஒன்றைத் தாமே வகுத்துச் செய்தனர். அது இங்கிலாந்தில் என்றும் விற்பனைக்கு வந்ததில்லை. ஆதலால் ஏர்பிக்ஸ் அச்சில் அதற்கு இடமும் இல்லை.

இவ்விடத்தில் குடும்பத்துக்குள் சிறு விவாதம் எழுந்தது. பெட்டியில் உள்ளபடியே கட்ட வேண்டும் என்றான் பேரன். குறிப்புத் தாளில் எண் போட்டு வைத்திருக்கிறதே என்பது அவன் வாதம். விலையுயர்ந்த பொருளில் கத்தி வைத்துக் கெடுப்பானேன் என்றார் அவன் தந்தை. இருவர் சொல்வதும் நியாயமே. ஆயினும் நாம் பெரியவர் பக்கமே நின்றோம். மறுபதிப்பில் விடுபட்ட பக்கத்தை, அதனை அச்சடித்தவரே உயிரோடு எதிரில் அமர்ந்து கூறும்போது, எழுதிச் சேர்க்காமல் இருப்பது எவ்வாறு? பெரியவர் பணிபுரிந்ததும் கதவு பொருத்தும் பிரிவில் என்பது அன்றுதான் வெளிப்பட்டது. அவருடைய மகனுக்கே அது புதிய செய்தி.

வேலை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. பழைய அச்சில் விளிம்புகள் தேய்ந்திருக்கும். உருகிய பிளாஸ்டிக் அவ்விடுக்கில் கசிந்து மெல்லிய பிசிறாக நிற்கும். முதலில் உறுப்புகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தினோம். பிசிறை மழிப்பு அலகால் சுரண்டி, நீர் படும் உப்புத்தாளால் தேய்த்தோம். பிறகு கூட்டின் இருபுறத்திலும் உள்ள நீண்ட கதவுக் கோட்டின் பின்பாகத்தை மக்கு வைத்து அடைத்து, காய்ந்தபின் சமமாக்கினோம். பெரியவர் கோடிட்ட தாளில் கதவுகளை வரைந்தார். அளவுகோலின்றி வரைந்த அப்படத்தை, பழைய வண்டி ஒன்றின் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நடுத்தூண் நிற்குமிடம் மயிரிழையும் பிசகவில்லை. தையல் ஊசியை ஒரு மரப்பிடியில் செருகி, எஃகு அளவுகோலை அணைத்துவைத்து, ஒரே கோட்டில் இருபது முப்பது முறை மெல்ல இழுத்தால் கதவுப் பிளவு உருவாகும். அழுத்தக் கூடாது; அழுத்தினால் ஊசி தன் போக்கில் ஓடிவிடும். இடப்பக்கத்தைப் பெரியவர் கீறினார். வலப்பக்கத்தைப் பேரன் கீறினான். உறுப்புச் சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக்கைச் சீவி நடுத்தூண்கள் வைத்தோம்.

பெரியவர் பேசிக்கொண்டே வேலை செய்தார். கதவு சரியாக மூடவேண்டுமானால் கதவை மட்டும் பார்த்தால் போதாதாம். கூடு அடிச்சட்டத்தின்மேல் அமரும் இடங்களில் மெல்லிய தகடுகளை வைத்து ஏற்றியும் இறக்கியும் இடைவெளியைச் சமப்படுத்த வேண்டுமாம். "கண்ணாலே பார்க்காதே, விரலாலே தடவிப் பார்" என்று பேரனுக்குச் சொன்னார். அவன் தமிழில் 'இடைவெளி' என்ற சொல்லைக் கற்றது அவ்விதமே.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது கோந்து போல ஒட்டுவதன்று; பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஒரு துளி மிகுந்தாலும் கைரேகை வண்டியில் என்றைக்கும் நிற்கும். கண்ணாடி உறுப்புகளுக்கு இதனைத் தொடவே வேண்டாம். மரத்துக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும், காய்ந்தபின் தெளிவாகிவிடும். வீட்டில் ஓரறைதான் என்றால் சன்னலருகே அமர்ந்து வேலை செய்யுங்கள். இதன் ஆவி குழந்தைகளுக்கு நல்லதன்று. மழைக்காலத்தில் வர்ணம் தெளிக்க முற்பட வேண்டாம். நம் மும்பைக் காற்றின் ஈரத்தில் வர்ணம் சாம்பல் பூத்து மங்கிவிடும்.

முடிந்த வண்டியில் இடப்பக்கத்துக் கதவுகள் நேராகவும், வலப்பக்கத்தில் பின்கதவு சற்றே சாய்ந்தும் இருக்கின்றன. திருத்தலாமா என்று கேட்டோம். பையன் கீறியது அப்படியே இருக்கட்டும் என்றார் பெரியவர். எண் பலகைக்கு 'எம்.எச்.' என்று எழுதத் தொடங்கிய பேரனைத் தடுத்து, அக்காலத்துச் சென்னை வண்டிக்கு 'எம்.எஸ்.' என்று வரவேண்டும் எனத் திருத்தினார். என்ன எண் போடுவது என்று அவன் கேட்டபோது, தொழிற்சாலையில் தமக்கிருந்த டோக்கன் எண்ணைச் சொன்னார்.

பெட்டியில் மிஞ்சிய வர்ணம் இன்னொரு சிறு வண்டிக்குப் போதும். அடுத்தது பத்மினியாக இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். குர்லாத் தொழிற்சாலையில் பணிபுரிந்த அன்பர்கள் எவரேனும் செம்பூர், கோவண்டிப் பக்கம் இருப்பின், ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் நம் இல்லத்துக்கு வந்தால் காப்பியோடு வரவேற்போம்.