துறைமுகம் மீண்டது, தொழிலாளி?

1957-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். 1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து அவர்கள் கைப்பற்றிய துறைமுகம் அது. 1948-இல் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோதும், பாதுகாப்பு உடன்படிக்கை என்ற பெயரில் அத்தளம் அவர்கள் கையிலேயே விடப்பட்டிருந்தது. ஐக்கிய தேசியக் கட்சி கேட்கத் துணியாததைக் கேட்டுப் பெற்றவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. இதை மறைப்பவன் வரலாற்றைப் பொய்யாக்குகிறான்.

1951-இல் அவர் தோற்றுவித்த ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் சாதனை அதோடு நின்றுவிடவில்லை. 1958-இல் பஸ் சேவை தனியார் கையிலிருந்து மீட்கப்பட்டது. கொழும்புத் துறைமுகம் தேசியமயமாயிற்று. பிலிப் குணவர்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குக் காப்பளிக்க முனைந்தது. ஊழியர் சேமலாப நிதியும் அந்த ஆண்டிலேயே சட்டமாயிற்று. பின்னர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு அந்நிய எண்ணெய்க் கம்பெனிகள் மீது கைவைத்தது. 1963-இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோதும் அது பணியவில்லை.

இவற்றைச் சுட்டிக்காட்டி நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் இன்றும் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். ஏகாதிபத்திய எதிர்ப்பே முதன்மையானது, மொழியும் இனமும் மேற்பூச்சுப் பிரச்சினைகள், அவை பின்னர் தாமே தீரும் என்பதே அவ்வாதம். இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீட்கப்பட்ட அதே துறைமுகத்தின் தொழிலாளியைக் கேட்டாலே போதும்.

தளம் மூடப்பட்டதும் அங்கு உழைத்தவர்கள் வேலை இழந்தனர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் அமர்த்த அரசே ஏற்பாடு செய்தது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நடந்தது என்ன? அவர்கள் சென்று சேருமுன்னரே சிங்களக் கூட்டத்தார் அந்நிலத்தில் புகுந்து குடியேறினர். அரசு அவர்களை வெளியேற்றத் துணியவில்லை. இதைப் பதிவு செய்தவர் தமிழ் வகுப்புவாதி எவருமல்லர். 1958 கலவரத்தைப் பற்றி நூல் எழுதிய சிங்களப் பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி.

வெள்ளையன் போனான், அவனோடு தொழிலாளியின் கூலியும் போயிற்று. நிலம் என்று வந்தபோது அவனைத் தொழிலாளியாக எவரும் பார்க்கவில்லை, தமிழனாகவே பார்த்தனர். இதுவா மேற்பூச்சுப் பிரச்சினை?

பிக்கு, சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்னும் ஐம்பெரும் சக்திகளின் தோள்மீதேறி 1956-இல் ஆட்சிக்கு வந்தார் பண்டாரநாயக்கா. வந்த கையோடு, ஜூன் மாதத்தில், தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றினார். அந்த ஐவரில் தமிழ் ஆசிரியன் எங்கே? தமிழ் விவசாயி எங்கே? மண்ணற்ற சிங்கள விவசாயியின் பசி உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பசியைத் தீர்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெருங்காணிகளை உடைத்துப் பங்கிடுவது. மற்றது, அவனை எல்லைப்புறத்துக்கு அனுப்பி வைப்பது. தனியார் காணிக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் 1972-இல்தான் வந்தது. அதுவும் 1971-இல் இளைஞர் கிளர்ச்சி வெடித்த பின்னர். அதுவரை கந்தளாயும் அல்லையும் போன்ற குடியேற்றங்களே போதுமாயிருந்தன. நிலப்பிரபுவின் வேலியைத் தொட அஞ்சிய அரசியல், சிங்கள ஏழையையும் தமிழ் ஏழையையும் ஒரே வரப்பில் பகைவராக நிறுத்தியது.

மாற்று வழி இருக்கவில்லையா? இருந்தது. 1956 ஆகஸ்டில் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு தன் கோரிக்கைகளை முன்வைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. குடியேற்ற நிலத்தைப் பங்கிடும் பொறுப்பைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க அது இணங்கிற்று. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பிரித்தானியக் கடற்படையை வெளியேறச் சொன்ன அதே மனிதர், தம் வாசலில் அமர்ந்தவர்களை எழுந்திருக்கச் சொல்ல இயலாதவரானார்.

இடதுசாரிகளாவது நிமிர்ந்து நின்றனரா? 1956-இல் நின்றனர், சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தன. பத்தாண்டு கழிந்தது. 1966 ஜனவரியில், தமிழ்மொழிக்கு ஓரளவு இடமளிக்கும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் அவை சுதந்திரக் கட்சியின் பக்கம் நின்றன. இரு மொழிக்காக 1956-இல் முழங்கிய கொல்வின் ஆர். டி சில்வாவே, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1972 அரசியலமைப்புக்குப் பொறுப்பான அமைச்சர். ஒரு சில மந்திரிப் பதவிகளுக்குக் கொடுத்த விலை இது!

தமிழ்த் தலைமை மாசற்றது என்று சொல்ல நாம் வரவில்லை. 1948-இல் மலையகத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்த ஐக்கிய தேசியக் கட்சியோடு 1965-இல் கூடி அரசமைத்தவர்கள் தமிழரசுக் கட்சியினரே. அவர்களது ஏட்டில் பாட்டாளிக்கு எவ்வளவு இடமிருந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

சுதந்திரக் கட்சி இன்று சிதறிச் சிறுத்துவிட்டது. பின் எதற்கு இந்தப் பழங்கணக்கு? காரணம் உண்டு. 2024-இல் இடதுசாரிப் பெயரோடு தேசிய மக்கள் சக்தி பெருவெற்றி பெற்றது. திருகோணமலை மாவட்டத்திலும் அதுவே முதலிடம் பெற்றது. அதன் முதுகெலும்பான மக்கள் விடுதலை முன்னணிதான் வடக்குக் கிழக்கு இணைப்பை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2006-இல் அவ்விணைப்புச் செல்லாததாயிற்று. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017-இல் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. இலங்கைத்துறையிலிருந்து புல்மோட்டை வரை நீளும் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நம்பி அளித்த வாக்குக்கு விடை என்ன?

ஆசிரியர்களே, மாணவர்களே! ஒரு கட்சி தன்னை முற்போக்கு என்று அழைத்துக்கொள்ளும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நிலத்தைப் பங்கிடும் அதிகாரம் அந்நிலத்தில் வாழும் மக்களிடம் இருக்குமா? அரசின் கடிதம் ஏழையின் வீட்டுக்கு அவன் மொழியில் வருமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று செயலால் சொல்லாத கட்சி, எத்தனைக் கொடிகளை இறக்கினாலும் பாட்டாளியின் கட்சி ஆகாது. வகுப்பறையில் 1957-ஐக் கற்பிக்கும்போது துறைமுகம் மீண்ட கதையைப் பெருமையோடு கற்பியுங்கள். பதவியாவுக்குப் போய்ச் சேராத தொழிலாளியின் கதையையும் அதே மணிநேரத்திலேயே கற்பியுங்கள்.