யாரோடு ஜோடி சேரலாம்?



உங்கள் பள்ளியில் இறகுப்பந்து இரட்டையர் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு ஜோடி வேண்டும். யாரைச் சேர்த்துக்கொள்வீர்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையையா, சொந்தக்காரப் பிள்ளையையா, நன்றாக ஆடுகிற பிள்ளையையா?

'இதில் என்ன சார் சந்தேகம், நன்றாக ஆடுகிறவரைத்தான்' என்பீர்கள். சொல்வது சுலபம். செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், சிமென்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். பல வருடங்களுக்கு முன், சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். விளையாட்டு விழாவுக்காக இரண்டு பையன்களை இரட்டையர் ஆட்டத்தில் சேர்த்துவிட்டேன். ஒருவன் வலைக்குப் பக்கத்தில் புலி. இன்னொருவன் பின்னால் நின்று எந்தப் பந்தையும் எடுத்துவிடுவான். அருமையான ஜோடி! ஆனால், இருவரும் வேறு வேறு தெரு.

மறுநாள் காலை ஒரு பெரியவர் பள்ளிக்கே வந்துவிட்டார். ''எங்க பையனுக்கு வேற ஆளே கிடைக்கலையா சார்? அந்தத் தெருப் பையனோட எதுக்குச் சேர்த்து விட்டீங்க?'' என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இருவரையும் பிரித்து, அவரவர் தெருப் பையனோடு சேர்த்துவிட்டேன். இரண்டு ஜோடிகளும் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. தோற்றதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு அந்த இருவரும் மைதானத்தில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அதுதான் இன்றும் என் மனசை அறுக்கிறது.

இப்போது உங்களைப் பாரிஸ் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே வருடத்தின் கடைசியில் ஒரு பெரிய டென்னிஸ் போட்டி நடக்கும். அது உள்ளரங்கப் போட்டி. மேலே கூரை, வெயில் இல்லை, காற்று இல்லை. நம் ஊர் ஆடிக் காற்றில் இறகுப்பந்து ஆடினால், 'காற்று இழுத்துட்டுப் போயிருச்சு சார்' என்று சாக்குச் சொல்லலாம். அங்கே அதெல்லாம் செல்லாது!

இரட்டையர் ஆட்டத்தில் மைதானத்தின் அகலம் 36 அடி. ஒற்றையருக்கு 27 அடிதான். இரண்டு பேர் நிற்பதால் இரு பக்கமும் நாலரை அடி கூடுதல். ஆனால், ஆபத்து ஓரத்தில் இல்லை, நடுவில்தான் இருக்கிறது! இருவருக்கும் நடுவே வரும் பந்தை, 'அவன் எடுப்பான்' என்று இவனும், 'இவன் எடுப்பான்' என்று அவனும் விட்டுவிட்டால் போச்சு! ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டவர்களால்தான் அந்தப் பந்தை எடுக்க முடியும்.

2011 நவம்பரில் அந்தப் பாரிஸ் போட்டியின் இரட்டையர் கோப்பையை வென்றவர்கள் யார் தெரியுமா? ஒருவர், நம் நாட்டின் ரோகன் போபண்ணா. கர்நாடகத்தின் குடகு மண்ணைச் சேர்ந்தவர். இன்னொருவர் அய்சம் உல் ஹக் குரேஷி. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்தவர்! இருவரும் பிறந்தது 1980 மார்ச் மாதம். 13 நாள்தான் இடைவெளி. இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் வீரர்களை, அவர்கள் சொந்த நாட்டிலேயே 6-2, 6-4 என்று வென்றார்கள்.

அதற்கு முந்தைய வருடம், 2010-ல், 'போரை நிறுத்து, டென்னிஸைத் தொடங்கு' என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் எழுதிய உடை அணிந்து இருவரும் விம்பிள்டனுக்கு வந்தார்கள். அதே வருடம் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஐ.நா. சபையின் இந்தியத் தூதரும் பாகிஸ்தான் தூதரும் அருகருகே உட்கார்ந்து அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அங்கே அமெரிக்காவின் இரட்டைச் சகோதரர்கள் பாப் பிரையன், மைக் பிரையனிடம் தோற்றாலும், இரண்டு செட்டையும் டை-பிரேக் வரை இழுத்தார்கள்.

பிரையன் சகோதரர்கள் சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம் கோப்பைகள் வென்றவர்கள். 'அப்படியானால், சொந்தக்காரனோடு ஆடுவது தப்பா சார்?' என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஜெயித்தால் அதுவும் அழகுதான். 'அவனோடு மட்டும்தான் ஆடுவேன், இவனோடு ஆட மாட்டேன்' என்பதுதான் தப்பு.

கதை இன்னும் இருக்கிறது. 2012-ல் போபண்ணா, சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியோடு சேர்ந்தார். குரேஷி, நெதர்லாந்தின் ஜீன் ஜூலியன் ரோஜரோடு சேர்ந்தார். அதே பாரிஸ், அதே இறுதி ஆட்டம். போன வருடம் வலைக்கு ஒரே பக்கம் நின்றவர்கள், இப்போது எதிரெதிரே! போபண்ணா ஜோடி 7-6, 6-3 என்று வென்றது. நட்பு உடைந்துவிட்டதா? இல்லவே இல்லை. 2014-ல் போபண்ணாவும் குரேஷியும் மறுபடி சேர்ந்து துபாய் கோப்பையை வென்றார்கள்.

போபண்ணா அதற்குப் பிறகும் பலரோடு சேர்ந்து ஆடினார். 2024 ஜனவரியில், 43 வயதில், ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டெனோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். உலகின் முதல் இடத்தையும் பிடித்தார். 2025-ல் அதே பாரிஸ் போட்டியில்தான் தம் கடைசி ஆட்டத்தை ஆடி விடைபெற்றார்.

2011-ல் பாரிஸ் செய்தியைப் பேப்பரில் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். நானோ இரண்டு தெருப் பிள்ளைகளைச் சேர்த்துவைக்கப் பயந்துவிட்டேனே!

அடுத்த விளையாட்டு விழாவில் ஒரு வழி செய்தேன். எல்லாப் பெயர்களையும் சீட்டில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை விட்டு இரண்டிரண்டாக எடுக்கச் சொன்னேன். யார் யாரோடு வந்ததோ, அதுதான் ஜோடி. சீட்டுக்குத் தெரு தெரியுமா, சாதி தெரியுமா? முணுமுணுப்பு வந்தது. இந்த முறை நான் மாற்றவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்த டப்பாதான் ஜோடி சேர்த்தது.

குழந்தைகளே, உங்கள் ஜோடி யார் என்பதை உங்கள் ஆட்டம் சொல்லட்டும், அல்லது குலுக்கல் சீட்டு சொல்லட்டும். தெரு சொல்ல வேண்டாம். அறிவியல் செய்முறையோ, கோலப் போட்டியோ, கபடியோ எதுவானாலும் சரி, இதுவரை நீங்கள் பேசாத ஒருவரைப் போய்க் கேளுங்கள்: ''என்னோட சேர்ந்துக்கிறியா?''

வீட்டில் யாராவது ஏன் என்று கேட்டால், போபண்ணா - குரேஷி கதையைச் சொல்லுங்கள். சரிதானே?