தடுக்கப்பட்ட யந்திரமும் விடுக்கப்பட்ட பொத்தானும்

பரீக்ஷை மண்டபத்துள் கால்குலேட்டர் கொண்டு செல்லும் மாணவர்க்கு நம் நாட்டுச் சர்வகலாசாலைகள் பல விதித்துள்ள நிபந்தனை ஒன்றுண்டு. விஞ்ஞானக் கணக்குகளுக்குரிய சாதாரணக் கால்குலேட்டரைக் கொண்டுவரலாம். புரோகிராம் எழுதிப் பதிக்கத்தக்கதைக் கொண்டுவரலாகாது. சூத்திரங்களையும் குறிப்புக்களையும் பின்னதன் ஞாபகத்தில் ஒளித்து வைக்கக் கூடுமாதலின், தடை நியாயமானதே. ஆயினும் அதனால் விளைந்துள்ள ஒரு விபரீதத்தை நாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அனுமதி பெற்ற கால்குலேட்டர்கள் பலவற்றில் 'சால்வ்' என்னும் பொத்தான் உளது. சமன்பாட்டையும், உத்தேசமாக ஓர் எண்ணையும் கொடுத்து அதனை அழுத்தினால், சமன்பாட்டின் மூலம் முகப்பில் தோன்றும். இடையில் நடந்தது யாதென மாணவன் அறிய வேண்டுவதில்லை. புரோகிராம் எழுதுபவனோ வழி முழுவதையும் தானே அறிந்து படிப்படியாய்ப் பதித்தல் வேண்டும். அறிந்தோன் கருவி விலக்கப்பட்டு, அறியாதோனுக்கும் விடை தருவது வாயில் கடந்து செல்கின்றது!

புரோகிராம் எழுதுதல் எத்தகைய வேலை? ஓர் எண்ணின் கனத்தினின்று அவ்வெண்ணின் இருமடங்கையும், பின்னர் 5-ஐயும் கழிக்க மிச்சம் பூஜ்யம், அவ்வெண் யாது? நியூட்டன் தமது முறையை விளக்க எடுத்துக்கொண்ட கணக்கு இதுவே. 1669-ல் அவர் எழுதிய அம்முறையை ஜோஸப் ராப்ஸன் எளிதாக்கி 1690-ல் வெளியிட்டார். எண் 2 எனக் கொள்வோம். மிச்சம் −1. எண் மாற மிச்சம் எத்துணை வேகமாய் மாறுமென்பதை வகைக்கெழு காட்டும். இங்கு அது 10. மிச்சத்தை வேகத்தால் வகுத்து, வந்ததை எண்ணினின்று கழிக்க 2.1 கிடைக்கும். மறுமுறை செய்ய 2.09457, மூன்றாம் முறை 2.0945515. அவ்வளவுதான். 1974-ல் வெளிவந்த ஹெச்.பி.-65 என்னும் கையடக்க யந்திரத்தில் 100 படிகளுக்கே இடமிருந்தது. இவ்வேலைக்கு அது தாராளம்.

படிகள் சிலவேயாயினும், எழுதுபவன் சில வினாக்களுக்கு விடை கூறாமல் தப்ப முடியாது. எங்கே தொடங்குவது? எப்போது நிறுத்துவது? வேகம் பூஜ்யமானால் யாது செய்வது? மேற்கண்ட கணக்கிலேயே 5-ஐக் கழிப்பதற்குப் பதிலாக 2-ஐக் கூட்டி, 0-விலிருந்து தொடங்கிப் பாருங்கள். அடுத்து 1 வரும், அதற்கடுத்து 0, மீண்டும் 1. இவ்வாறே முடிவின்றி ஊசலாடும். மெய்யான மூலமோ −1.7693-க்கு அருகே ஒதுங்கிக் கிடக்கின்றது. இவ்வூசலை ஒருமுறை கண்ணுற்ற மாணவன், அதன்பின் கோட்டுப்படம் வரையாமல் தொடங்கமாட்டான்.

பொத்தானை மட்டும் அறிந்தவன் நிலை வேறு. தன் கொசைனுக்குச் சமமான எண் எதுவென வினவினால், ரேடியன் அளவையில் வைத்த கால்குலேட்டர் 0.739085 என்னும், டிகிரி அளவையில் வைத்தது 0.999848 என்னும். இரு பக்கங்களுக்கும் வித்தியாசம் பூஜ்யமென்று இரண்டுமே சான்று கூறும். கருவி பொய் சொல்லவில்லை. கேட்டவனுக்குத்தான் தான் கேட்டது இன்னதென்று தெரியவில்லை. 1979-ல் ஹெச்.பி.-34சி யந்திரத்தில் வந்த 'சால்வ்' பொத்தானின் முறையை வகுத்தவர் பெர்க்லிப் பேராசிரியர் வில்லியம் கஹான். அத்தகைய வல்லுநர் வகுத்த முறையாயினும், யந்திரம் சோதிப்பது எண்ணத்தக்க சில இடங்களையே. ஆதலின் மூலம் அகப்படவில்லையென்று அது கூறுவதைக் கொண்டு, மூலமே இல்லையென்று நாம் முடிவு கட்டலாகாது.

கைப்பேசியிலேயே புரோகிராம் எழுதலாமே, இப்பழங்கருவி எதற்கு என்பர் சிலர். கைப்பேசி உலகத்து விடைகள் யாவற்றையும் உடன் கொணரும். இதுவோ மாணவன் எழுதியதை மட்டுமே செய்யும். வகுப்புக்கு வேண்டியது பின்னதென்பது நம் கருத்து.

பரீக்ஷை மண்டபத்துத் தடை நிற்கட்டும். ஆனால் அத்தடையைச் சாக்காக்கி வகுப்பறையிலும் இக்கருவியைக் கைவிட்டது தகாது. கணிதப் பகுதியார் ஆறேழு யந்திரங்களை வாங்கி வைத்து, முதல் வருஷ மாணவர் ஒவ்வொருவரும் நியூட்டன் முறையைத் தம் கையாலேயே ஒருமுறை பதிக்கும்படி செய்யலாம். வினாத்தாள் வகுப்போரும், முகப்பில் தோன்றிய மூலத்திற்கு ஒரு மதிப்பெண் மட்டும் தந்து, தொடக்க எண்ணைத் தேர்ந்த காரணத்திற்கும், இடைப்படிகளுக்கும், கோட்டுப்படத்திற்கும் மிகுதியை ஒதுக்கலாம். வகுப்பில் முதற்கணக்காக, 0-க்கும் 1-க்கும் இடையே ஊசலாடும் அச்சமன்பாட்டையே கொடுக்கும்படி வேண்டுகின்றோம்.