புள்ளிப் பட்டியலில் தெரியாத குறைகள்

மாணவன் ஒருவன் கணிதத்தில் பின்தங்கியிருந்தால் தவணைப் பரீட்சை அதனை வெளிப்படுத்தி விடுகின்றது. பெற்றோர் அழைக்கப்படுகின்றனர், மேலதிக வகுப்புக்கு ஏற்பாடாகின்றது. ஆனால், சக மாணவனோடு பேசத் தயங்குபவனையும், சிறு தோல்வியையும் தாங்க மாட்டாது சீறுபவனையும், உதவி கேட்கத் தெரியாதவனையும் எந்தப் பரீட்சையும் அடையாளம் காட்டுவதில்லை. முதலாமவன் அமைதியான பிள்ளை எனப் பாராட்டப்படுகின்றான். இரண்டாமவன் குழப்படிக்காரன் எனத் தண்டிக்கப்படுகின்றான். மூன்றாமவன் படிப்பு ஏறாதவன் என ஒதுக்கப்படுகின்றான். பழகுவதற்கும் உணர்வுகளைக் கையாளுவதற்குமான திறன்கள் இவர்களுக்குக் கிட்டாது போயிருக்கலாம் என எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்திலுள்ள கொண்டச்சி போன்ற கிராமங்களில் இவ்விடயம் கூடுதல் கனம் பெறுகின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றியபோது இக்கிராமங்களும் வெறிச்சோடின. இங்கிருந்து சென்றோரில் பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாயினர். அதே பிரதேசத்தின் முள்ளிக்குளம் தமிழ் மக்கள் 2007 இல் யுத்தத்தினால் இடம்பெயர, அவர்களது கிராமத்தில் கடற்படை முகாம் அமைந்தது.

இன்று பாடசாலை செல்லும் பிள்ளைகள் அனேகமாக 2009 இல் யுத்தம் முடிவடைந்த பின்னர் பிறந்தவர்கள். வெளியேற்றத்தை அவர்கள் கண்டதில்லை. எனினும் புத்தளத்தில் ஒரு காலும் முசலியில் ஒரு காலுமாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை மாறுவதும், நட்புகள் இடையில் அறுபடுவதும் புதியனவல்ல. 2020 இல் தொடங்கிய கொரோனாக் கால மூடல்களும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. இதனால் இப்பிள்ளைகள் யாவரும் பாதிக்கப்பட்டவர்கள் என முத்திரை குத்துவது தவறு. ஆயினும், அவர்களைக் கவனித்துப் பார்க்க வேண்டிய தேவை ஏனைய இடங்களிலும் பார்க்க இங்கு அதிகம் என்பதை மறுக்க முடியாது.

அறிதலும் செய்தலும் மட்டுமன்றி, கூடிவாழக் கற்றலும் கல்வியின் தூண்களில் ஒன்றென யுனெஸ்கோவின் டெலோர்ஸ் அறிக்கை 1996 இலேயே வலியுறுத்தியது. சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையை எமது கல்வி அமைச்சும் 2008 இல் வெளியிட்டது. எனவே கொள்கைக்குப் பஞ்சமில்லை. புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தரப் பெறுபேறும் ஒரு பாடசாலையின் தரத்தை நிர்ணயிக்கும் வரை, பிள்ளையின் மனதைப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் இருப்பதில்லை என்பதே சிக்கலாகும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இடைவேளையில் தனித்திருப்பவர் யார், விளையாட்டில் எவரும் சேர்க்காதவர் யார், அண்மையில் திடீரென மாறிப்போனவர் யார் என்பதை வகுப்பாசிரியர் சில வாரங்கள் தொடர்ந்து அவதானித்தாலே பல விடயங்கள் புலப்படும். ஒரு நாள் நடத்தையைக் கொண்டு தீர்ப்பளிக்கக் கூடாது. செய்ய மறுக்கும் பிள்ளையையும் செய்யத் தெரியாத பிள்ளையையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தெரியாததற்குத் தண்டனை மருந்தாகாது. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்குப் பாடச்சுமையைக் குறைத்து நேரம் ஒதுக்க வேண்டியது அதிபர்களினதும் வலயக் கல்வி அதிகாரிகளினதும் பொறுப்பாகும். இந்த அவதானிப்பு மற்றுமொரு புள்ளிப் பட்டியலாக மாறிவிடவும் கூடாது.

மற்றொரு குறையும் உண்டு. அது பெரியோராகிய எம்முடையது. ஒரே மொழியைப் பேசும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுள் பலர் வெவ்வேறு பாடசாலைகளில் ஒருவரையொருவர் அறியாமல் வளர்கின்றனர். 1990 இன் துயரத்தைத் தமிழ்ப் பிள்ளையும், முள்ளிக்குளத்தின் துயரத்தை முஸ்லிம் பிள்ளையும் தெரிந்துகொள்ள நாம் வழிசெய்தோமா? பிறர் துயரை உணரும் ஆற்றலைப் பாடப்புத்தகம் தனித்து ஊட்டிவிடாது. அயற்பாடசாலைகள் சேர்ந்து நடத்தும் ஒரு விளையாட்டுப் போட்டியோ, ஒரு சிரமதானமோ அதற்குத் தொடக்கமாக அமையலாம்.

கொண்டச்சிக் குடாவில் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு சிறப்புற்றிருந்தது. மூழ்கியவரின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்திருந்தவரின் கவனத்திலேயே தங்கியிருந்தது. கீழிருந்து வரும் சிறு அசைவைத் தவறவிட்டால் மூழ்கியவர் மீளமாட்டார். எமது வகுப்பறைகளிலும் பிள்ளைகள் கயிற்றை அசைத்துக்கொண்டேயிருக்கின்றனர். அதனை உணரும் கைகளாக ஆசிரியர்களும் பெற்றோரும் இருத்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.