அப்பா பெயர் 'சர்நேம்' ஆனது எப்படி? ஆபீஸ் ஐடியில் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு!

புது வேலையில் முதல் நாள். ஆபீஸ் மெயிலைத் திறந்தால் 'டியர் முருகேசன்' என்று வரவேற்பு. வேலைக்குச் சேர்ந்ததோ எம்.கவிதா. முருகேசன் அவருடைய அப்பா! நம்மில் பலருக்கும் இது நடந்திருக்கும்.

ஏன் இப்படி வருது?

பெரிய நிறுவனங்களில் ஊழியரின் பெயர், மெயில், துறை, மேலாளர் என எல்லா விவரமும் 'டைரக்டரி' என்ற ஒரே பதிவேட்டில் இருக்கும். லாகின் செய்யும்போது நாம் யார் என்று சொல்வதும் அதுதான். ஹெச்.ஆர். வைத்திருக்கும் எக்செல் ஷீட்டில் எந்தத் தகவல், டைரக்டரியின் எந்தக் கட்டத்துக்குப் போகணும் என்று முடிவு செய்வதே 'மேப்பிங்'.

சிக்கல் அந்தக் கட்டங்களில்தான் இருக்கு. உலகம் முழுக்கப் புழங்கும் எல்டாப் தரநிலையில், ஒரு நபரைப் பதிவு செய்ய இரண்டு கட்டங்கள் கட்டாயம். ஒன்று முழுப்பெயர், இன்னொன்று குடும்பப்பெயர். ஒருவருடைய சொந்தப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லையாம்! குடும்பப்பெயரே இல்லாத நம்ம ஊரில் என்ன செய்வது? அப்பா பெயரைத் தூக்கி அங்கே போட்டுவிடுகிறார்கள்.

இனிஷியலுக்குத் தனிக் கட்டம் இருக்கே என்று கேட்கலாம். இருக்கு. ஆனால் அது, குடும்பப்பெயர் தவிர மற்ற பெயர்களின் முதலெழுத்துக்கானது. நம்ம இனிஷியல் அப்பா பெயருக்கானது. அந்த அப்பா பெயர்தான் ஏற்கெனவே குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கே!

மைக்ரோசாப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியில் சர்நேம் கட்டாயமில்லை. ஆனாலும் அதோடு இணையும் வேறு மென்பொருள் கேட்டால், பழைய கதைதான்.

கல்யாணம் ஆனால்?

எம்.கவிதா, ஆர்.கவிதா ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். டைரக்டரிக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு 'முகவரி' உண்டு. அதைப் பெயரை வைத்து அமைத்திருந்தால், பெயரோடு முகவரியும் மாறும். குழுக்களின் பட்டியலில் பழைய முகவரியே கிடக்கும். சில சர்வர்கள் அதைத் தானாகத் திருத்திவிடும். திருத்தாத இடத்தில், நேற்று வரை திறந்த ஃபைல் இன்று அவருக்குத் திறக்காது. முகவரிக்கு ஊழியர் எண்ணைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே இல்லை. அதைவிட்டு பெயரில் ஏன் கை வைக்கிறார்களோ!

இது ஆபீஸோடு நிற்கிற விஷயமில்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

சரி, ஆபீஸில் என்ன கேட்கலாம்?

மெயிலில் மற்றவர்களுக்குத் தெரியும் பெயருக்கு 'டிஸ்ப்ளே நேம்' என்று தனிக் கட்டம் இருக்கு. அதில் 'எம்.கவிதா' என்றே போடச் சொல்லி ஐடி டீமிடம் கேட்கலாம். மற்ற கட்டங்களைத் தொட வேண்டியதில்லை. வரவேற்பு மெயில் எந்தக் கட்டத்திலிருந்து பெயரை எடுக்குது என்பதையும் சேர்த்துக் கேட்டுடுங்க.